நகல் ஸ்பீட்ஸ்டர் கார்: வாங்குவது முதல் மலைப்பாதையில் ஓட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் 1954-இல் வந்தது. கலிபோர்னியா வெயிலில் ஓட்ட, விலை குறைந்த, அலங்காரம் இல்லாத ஒரு திறந்த கார் வேண்டும் என்று நியூயார்க் இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன் வற்புறுத்தியதன் விளைவு அது. தொடக்க விலை 2,995 டாலர். தாழ்ந்த கண்ணாடி, ஏறி இறங்காத ஜன்னல், மெல்லிய துணிக் கூரை. 1958 வரை ஏறக்குறைய நான்காயிரம்தான் செய்தார்கள். நடிகர் ஜேம்ஸ் டீன் 1955-இல் ஒன்றை வாங்கி பாம் ஸ்பிரிங்ஸில் பந்தயம் ஓட்டினார். இன்று அசல் கார் ஏலத்துக்கு வந்தால் பல லட்சம் டாலருக்குப் போகிறது. அந்த விலைக்கு வாங்கியவர்கள் அதை மழையிலும் மண்ணிலும் ஓட்டத் தயங்குவது இயல்பு.

நகல் காருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. நன்றாகக் கட்டப்பட்ட ஒரு நகல், அசலின் விலையில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குதான். 356-இன் வடிவமைப்பே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இருந்து வளர்ந்தது: பின்னால் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின், முன்னால் பெட்ரோல் தொட்டி, முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன். ஆகவே பீட்டிலின் அடித்தளத்தின் மீது ஃபைபர்கிளாஸ் உடலை அமர்த்தினால், தோற்றம் மட்டுமல்ல, ஓட்டும் உணர்வும் அசலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வேறு எந்த நகல் காருக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு அசலோடு இல்லை என்பது என் கருத்து.

இந்த வழிகாட்டி கலிபோர்னியாவில் இப்படி ஒரு காரை வைத்திருப்பவருக்கும் வாங்க நினைப்பவருக்கும். என் பரிந்துரை எளிது. வெப்பம், மின்கம்பி, பிரேக், உரிமைப் பத்திரம் ஆகிய நான்கும் சரியான பிறகே குதிரைத்திறனுக்குச் செலவிடுங்கள்.

எதை வாங்குவது

மூன்று வழிகள் உண்டு: பெட்டிகளில் வரும் உதிரிகளை வாங்கி நீங்களே கட்டலாம், தொழிற்கூடத்தில் சொல்லிக் கட்டச் செய்யலாம், அல்லது வேறொருவர் கட்டிய பழைய காரை வாங்கலாம். முதல் முறை வாங்குபவருக்கு மூன்றாவதையே சொல்வேன். கட்டி முடித்துச் சில ஆயிரம் மைல் ஓடிய காரில் விரிசலும் கசிவும் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும். எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பாதியில் நின்றுபோன கட்டுமானத்தை மலிவாகத் தருகிறார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள். காணாமல்போன சின்னஞ்சிறு பாகங்களைத் தேடுவதிலேயே சேமித்த பணம் கரைந்துவிடும்.

அடித்தளத்திலும் இரண்டு வகை. பெரும்பாலான நகல்கள் பீட்டிலின் தரைத்தகட்டைக் குட்டையாக்கிக் கட்டப்பட்டவை. பீட்டிலின் முன்-பின் சக்கர இடைவெளி 2,400 மில்லிமீட்டர். அசல் 356-இல் அது 2,100. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத் தரைத்தகட்டில் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வெட்டி எடுத்து மீண்டும் வெல்டிங் செய்வார்கள். இரண்டாவது வகை, சொந்தமாகச் செய்த குழாய்ச் சட்டத்தின் மீது கட்டப்பட்டது. பெக், இண்டர்மெக்கானிக்கா ஆகிய நிறுவனங்களின் கார்கள் அப்படிப்பட்டவை. அவை கூடுதல் உறுதி, கூடுதல் விலை. குட்டையாக்கிய தரைத்தகடும் ஒழுங்காகச் செய்திருந்தால் நீண்ட காலம் உழைக்கும்.

பார்வையிடும் நாள்

எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது வருவதாக விற்பவரிடம் முன்பே சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின், ஸ்டார்ட் ஆகும் சிரமத்தையும் முதல் புகையையும் மறைத்துவிடும்.

முதலில் காரின் அடியில் படுங்கள். இருக்கைகளுக்குக் கீழே, தகட்டின் குறுக்கே ஓடும் வெல்டிங் கோடுதான் இந்தக் காரில் நீங்கள் பார்க்க வேண்டிய மிக முக்கியமான இடம். கோடு தொடர்ச்சியாக, இரு பக்கமும் உருகிப் பிடித்ததாக இருக்க வேண்டும். இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியாக ஒட்டி, மேலே தார்ப் பூச்சு பூசியிருந்தால் விலகுங்கள். தகட்டின் நடுவில் முன்பின்னாக ஓடும் சுரங்கம் போன்ற உள்ளீடற்ற பகுதியையும் அப்படித்தான் வெட்டி இணைத்திருப்பார்கள். அதற்குள் கியர்க் கம்பி, கிளட்ச் கேபிள் செல்லும் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் உண்டு. கிளட்ச் குழாயின் பற்றவைப்பு உள்ளே விட்டுப்போனால் கிளட்ச் மிதி தளர்ந்து, கியர் விழாது. கிளட்சை மெதுவாகப் பல முறை மிதித்துப் பாருங்கள். சொரசொரப்போ இழுபறியோ இருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்து, பின் அச்சைப் பாருங்கள். கியர்பெட்டியிலிருந்து சக்கரம் வரை ஒரே முழுக் குழாயாகப் போனால் அது பழைய ஊசல் அச்சு. இரு முனைகளிலும் ரப்பர் உறை போட்ட மூட்டுகள் தெரிந்தால் அது 1969 முதல் அமெரிக்க பீட்டில்களில் வந்த தனித்தியங்கும் அச்சு. விலை ஒன்றாக இருந்தால் இரண்டாவதை எடுங்கள். ஊசல் அச்சுள்ள காரில், வளைவில் திடீரெனக் காலை எடுத்தாலோ பிரேக் அடித்தாலோ பின்புறம் தூக்கி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அதை அறிந்து ஓட்டுபவருக்கு ஆபத்தில்லை, புதியவருக்கு உண்டு.

எஞ்சினுக்கு வந்தால், பின்னாலிருக்கும் கப்பியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். அசைவு கிட்டத்தட்ட தெரியவே கூடாது, அளவு 0.003 முதல் 0.006 அங்குலம். டக் டக் என்று கைக்கு உறைத்தால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டிவரும். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சாதாரண 1600 சி.சி எஞ்சினில் 100 பி.எஸ்.ஐ-க்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது எண்ணைவிட முக்கியம்.

உடலில், கதவுக் கீல்களைச் சுற்றியும் பின்மூடியின் மூலைகளிலும் சிலந்திவலை போன்ற விரிசல்களைத் தேடுங்கள். ஓரிரண்டு இருப்பது இயல்பு. கதவோரங்களில் நீண்டு கிடந்தால், உடல் சட்டத்தோடு சரியாகப் பிணைக்கப்படவில்லை, கீழே ஏதோ நெளிகிறது என்று பொருள். கம்பளத்தைத் தூக்கித் தரையைத் தொடுங்கள். ஈரம் இருந்தால் துருவும் இருக்கும்.

பத்திரம்

பலர் சறுக்கும் இடம் இது. தரைத்தகட்டில் கட்டிய கார்களில் பல, அடித்தளம் எந்த ஆண்டு பீட்டிலோ அந்த ஆண்டு ஃபோக்ஸ்வாகனாகப் பதிவாகியிருக்கும். சுரங்கத்தின் மீது, பீட்டிலின் பின் இருக்கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பத்திரத்தின் எண்ணும் அந்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். “1957 போர்ஷே” என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் அது பெருமையல்ல, தொல்லை. அடுத்த பெயர் மாற்றத்தின்போது அதிகாரி கேள்வி கேட்டால் கார் முடங்கும்.

புதிதாகக் கட்டிய காரை கலிபோர்னியாவில் ‘தனிக்கட்டுமான வாகனம்’ என்ற வகையில் பதிவு செய்கிறார்கள். எஸ்.பி. 100 என்ற மாநிலச் சட்டத்தின்கீழ், உடல் அல்லது எஞ்சின் எந்த ஆண்டு வண்டியை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டின் புகை விதிகளை உங்கள் காருக்குக் கோரலாம். ஆண்டுக்கு 500 கார்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை, முந்துபவருக்கே கிடைக்கும். அதனால் டிசம்பரிலேயே ரசீதுகளையும் படிவங்களையும் அடுக்கி வைத்து, ஜனவரி முதல் வேலைநாளில் மோட்டார் வாகன அலுவலகத்தில் நில்லுங்கள். 1975-ஆம் ஆண்டு வரையிலான மாடல்களுக்கு அந்த மாநிலத்தில் புகைச் சோதனையே இல்லை என்பதால், பழைய பீட்டிலாகச் சரியாகப் பதிவான காருக்கு இந்த அலைச்சல் வேண்டியதில்லை. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. வாங்கும் முன்பே உங்கள் மாநில அலுவலகத்தில் கேளுங்கள்.

காப்பீட்டை ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில் எடுங்கள். சாதாரண காப்பீட்டில், விபத்துக்குப் பிறகு உங்கள் காரை ஐம்பது வயது பீட்டிலாக மதிப்பிட இடமுண்டு. நகல் என்பதை ஒளிக்காமல் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்: தீ

முதல் வாரத்திலேயே பெட்ரோல் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றுங்கள். விற்பவர் “போன வருடம்தான் மாற்றினேன்” என்றாலும் மாற்றுங்கள். கலிபோர்னியா பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய வகை ரப்பரை அது மென்மையாக்கி வெடிக்க வைக்கும். எஸ்.ஏ.இ 30ஆர்9 என்று பக்கத்தில் அச்சிட்ட குழாயையே வாங்குங்கள். தொட்டிக்கு அடியில், சுரங்கத்தின் இரு முனைகளில், எஞ்சின் பக்கம் என எல்லா இணைப்பிலும் சரியான கிளிப் வேண்டும். பெட்ரோல் வடிகட்டியை எஞ்சின் அறைக்குள் தொங்கவிடாதீர்கள். அது அங்கே இருந்தால், கசியும் பெட்ரோல் நேராக, தீப்பொறி பறக்கும் டிஸ்டிரிபியூட்டர் மீது சொட்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் அழுத்திப் பொருத்தப்பட்டது. வருடங்கள் போகத் தளர்ந்து கழன்றுவிடும். கையால் திருகிப் பார்த்து, ஆடினால் கழற்றி, மரையிட்ட குழல் போடச் சொல்லுங்கள். இருக்கையிலிருந்தே எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பானும், பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் பொருத்துங்கள். ஃபைபர்கிளாஸ் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம்.

சீட் பெல்ட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவை எஃகுச் சட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஃபைபர்கிளாஸில் மட்டும் பிடித்திருந்தால் அந்த பெல்ட் உங்களைக் காப்பாற்றாது.

மின்சாரம்

இரும்பு உடல் கொண்ட காரில் ஒவ்வொரு விளக்கும் உடல் வழியாகவே எர்த் பெறும். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே முகப்பு விளக்கு, பின்விளக்கு, ஹாரன், மீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் வேண்டும். நகல் கார்களில் “விளக்கு மினுக்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் மங்கலாக எரிகிறது” என்ற புகார்களில் பெரும்பான்மை இதனால் வருபவை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பித்தளைப் பட்டைகளைப் பொருத்தி, எல்லா எர்த் வயரையும் அவற்றில் கொண்டுவந்து, அவற்றிலிருந்து தடித்த கம்பியைச் சட்டத்துக்குக் கொடுங்கள். கியர்பெட்டியின் மூக்கருகே இருக்கும் பின்னல் எர்த் பட்டையையும் புதிதாக்குங்கள்.

சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் ‘டிக்’ என்று மட்டும் ஒலித்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் ஒரு ரிலே போட்டுப் பாருங்கள். சாவியிலிருந்து பின்பக்கம் வரை ஓடும் நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறைவதுதான் பெரும்பாலும் காரணம். முகப்பு விளக்குகளுக்கும் ரிலே போட்டால் வெளிச்சம் கண்கூடாகக் கூடும். இந்தக் கார் தாழ்வானது, பின்விளக்குகள் சிறியவை. பிரகாசமான எல்.இ.டி பல்புகளையும், முடிந்தால் மேலே மூன்றாவது பிரேக் விளக்கையும் சேர்ப்பது அழகுக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலையில் உயிருக்குக் காவல்.

வெப்பம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். எஞ்சின்கள் சாவது இங்கேதான்.

பீட்டில் எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்கள் அலங்காரமல்ல. எஞ்சின் அறையை அவை இரண்டாகப் பிரிக்கின்றன: மேலே குளிர்ந்த காற்று, கீழே சிலிண்டர்களைக் கடந்து சூடான காற்று. ஓரங்களில் உள்ள ரப்பர் பட்டை அந்தப் பிரிவை முழுமையாக்குகிறது. ஃபைபர்கிளாஸ் உடலில் எஞ்சின் அறையின் விளிம்பு பீட்டிலைப் போல அமைவதில்லை. விரல் நுழையும் இடைவெளிகள் இருக்கும். அவற்றின் வழியாகச் சூடான காற்று மேலேறி, விசிறி அதையே மீண்டும் உறிஞ்சிச் சிலிண்டர்களின் மீது வீசும். எஞ்சின் ஓடும்போது ஒரு மெல்லிய காகிதத் துண்டை விளிம்புகளில் பிடித்துப் பார்த்தால் எங்கே காற்று ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அலுமினியத் தகடும் ரப்பரும் வைத்து அடையுங்கள்.

அடுத்து, காற்று உள்ளே வரும் வழி. ஸ்பீட்ஸ்டரின் பின்மூடியில் ஒரே ஒரு சிறிய கிராதிதான் உண்டு. 1600 எஞ்சினுக்கு அது பெரும்பாலும் போதும், 1915 சி.சி-க்குப் போதாது. இருக்கைகளுக்குப் பின்னுள்ள சுவரின் கீழ்ப்பகுதியில், சாலைச் சூடு படாத இடத்தில் துளை வைப்பது, மூடியைச் சில மில்லிமீட்டர் உயர்த்தித் தாங்கி வைப்பது ஆகிய இரண்டும் பயன் தரும்.

மூன்றாவது சிலிண்டர்தான் அதிகம் சூடாகும் என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தபடி நின்றது. 1971 மாடலில் ஃபோக்ஸ்வாகன் கூலரை வெளியே தனி உறைக்குள் தள்ளியது. உங்கள் காரில் பழைய கூடு இருந்தால் மாற்றுங்கள். இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை.

ஆயில் வெப்பமானி இல்லாமல் ஓட்டாதீர்கள். 180 முதல் 220 ஃபாரன்ஹீட் நல்லது. 240-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். வெளியே தனி விசிறியோடு கூடுதல் கூலர் வைப்பதென்றால், தெர்மோஸ்டாட் சேர்த்து வையுங்கள். குளிர்காலக் காலையில் ஆயில் சூடேறவே இல்லையென்றால் அதுவும் தேய்மானம்தான்.

பிரேக், சக்கரம், கியர்

கார் ஏறக்குறைய 800 கிலோதான். அதனால் நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக்கே நாள்தோறும் ஓட்டப் போதும். மலையிறக்கத்தை விரும்புபவர் முன்னால் டிஸ்க் போடலாம். 1967-க்கு முந்தைய ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை இரட்டைச் சுற்றாக மாற்றுவது மட்டும் கட்டாயம் என்பேன். ஒரு குழாய் வெடித்தாலும் மற்ற இரு சக்கரங்கள் பிடிக்கும்.

டயர் அழுத்தத்தில் கைக்கு வந்தபடி 32 நிரப்பிவிடுவார்கள் பெட்ரோல் நிலையத்தில். முன்னால் 18 முதல் 20, பின்னால் 26 முதல் 28 பி.எஸ்.ஐ வைத்துப் பாருங்கள். முன்பாரம் மிகக் குறைவான இந்தக் காரில் ஸ்டீயரிங் அலைவதும் துள்ளுவதும் உடனே அடங்கும். ஒரு காசும் செலவில்லாத மாற்றம் இது.

கியர் விகிதத்துக்கு வருவோம். வழக்கமான பீட்டில் கியர்பெட்டியில் இறுதி விகிதம் 4.12, நான்காம் கியர் 0.89. 165/80-15 டயரோடு மணிக்கு 65 மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,150 சுற்று சுற்றும். 3.88 இறுதி விகிதம் போட்டால் அது 2,970 ஆகும். அகலமான, உயரம் குறைந்த டயர் போட்டவர்கள் தெரியாமலே எதிர்த்திசையில் போகிறார்கள்: 195/60-15 டயர் அதே வேகத்தில் எஞ்சினை 3,300 வரை ஏற்றிவிடும். நெடுஞ்சாலை இரைச்சல் தாங்கவில்லை என்பவர் கியர்பெட்டியைத் திறக்கும் முன் பின்டயரைப் பார்க்கட்டும்.

எஞ்சினில் எவ்வளவு போதும்

1600 எஞ்சின் ஐம்பது குதிரைத்திறன் தரும். இந்த எடைக்கு அது உற்சாகமாகவே ஓடும். இன்னும் வேண்டும் என்றால் 1776 சி.சி-யில் நிறுத்துங்கள். 90.5 மில்லிமீட்டர் பிஸ்டன், அசல் 69 மில்லிமீட்டர் அசைவு (பிஸ்டன் நகரும் தூரம்). சிலிண்டர் சுவர் போதிய தடிமனாக இருப்பதால் வெப்பத்தைத் தாங்கும். 1915 (94 மில்லிமீட்டர்) பேச்சில் இனிக்கும், கோடை மலையேற்றத்தில் வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்க விடாது. சிலர் தண்ணீரால் குளிரும் சுபாரு எஞ்சினை வைக்கிறார்கள். நம்பகமானது, வேகமானது. ஆனால் பின்னாலிருந்து எழும் காற்றால் குளிரும் எஞ்சினின் அந்த ஓசை போய்விடும்; எனக்கு அது பெரிய இழப்பு.

ஒற்றை கார்புரேட்டரிலிருந்து இரட்டைக்கு மாறினால் கார் விழித்துக்கொள்கிறது. வெபர் 40 ஐ.டி.எஃப் இணை நன்றாகப் பொருந்தும். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று காற்றோட்ட மானி வைத்துச் சரிபாருங்கள். எஞ்சின் சூடேறும்போது அகலத்தில் சற்று விரிவதால், இணைப்புக் கம்பியைச் சூடான நிலையில்தான் இறுதியாகச் சரிசெய்ய வேண்டும். ஓடும்போது ஒரு பக்கம் ‘பொட் பொட்’ என்று வெடித்தால், ஐடில் ஜெட்டில் தூசி. கழற்றி ஊதிவிட்டு மாட்டினால் முடிந்தது. சாலையோரத்தில் ஐந்து நிமிட வேலை.

3,000 மைலுக்கு ஒருமுறை

ஆயிலை மாற்றுங்கள். கொள்ளளவு இரண்டரை லிட்டர், அசலில் காகித வடிகட்டி கிடையாது, கம்பிவலை மட்டும். துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயில் வாங்குங்கள். கேம் ஷாஃப்ட்டின் தட்டையான டாப்பெட்டுகளுக்கு அது அவசியம். அடித்தட்டின் ஆறு சிறிய நட்டுகளை மென்மையாக, 5 அடி-பவுண்டு அளவில் இறுக்குங்கள். பலம் காட்டினால் மரை போய்விடும். முழு ஆயிலும் வடிகட்டியைக் கடக்கும்படி ஒரு வெளி வடிகட்டி பொருத்துவது நல்ல முதலீடு.

வால்வு இடைவெளியை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள்: 0.006 அங்குலம். முதல் சிலிண்டரை, அதன் இரு வால்வுகளும் மூடியிருக்கும் உச்சப் புள்ளியில் நிறுத்தி அதன் இரு வால்வுகளையும் சரிசெய்யுங்கள். பிறகு கப்பியை இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்பினால் இரண்டாவது, மறு அரைச்சுற்றில் மூன்றாவது, அடுத்ததில் நான்காவது. வெடிவரிசை 1-4-3-2 என்பதால், பின்னோக்கித் திருப்பும்போது எண்கள் ஒழுங்காக வருகின்றன. ஒரு வால்வின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வு நீள்கிறது அல்லது அதன் இருக்கை அமிழ்கிறது. அந்தப் பக்கத்துச் சிலிண்டர் தலையைக் கழற்றாமல் நெடுந்தூரம் கிளம்பாதீர்கள்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அமிழ வேண்டும். டைனமோவைச் சுழற்றும் அதே பெல்ட்தான் குளிர்விக்கும் விசிறியையும் சுழற்றுகிறது. மின்னேற்றம் நின்றதைக் காட்டும் சிவப்பு விளக்கு திடீரென எரிந்தால் “வீடு வரை போய்விடலாம்” என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு கூடுதல் பெல்ட்டும், அதை மாற்ற 21 மில்லிமீட்டர் ஸ்பேனரும் எப்போதும் காரில் இருக்கட்டும்.

ஓட்டம்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவருக்கு ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலைக்கு நிகரில்லை. லா கன்யாடாவிலிருந்து ஏறி, ஏறக்குறைய 7,900 அடி உயர டாசன் சேடல் வரை வளைந்து வளைந்து போகிறது. பனிக்காலத்திலும் மண்சரிவுக்குப் பின்னும் பகுதிகளை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் பாருங்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, கார்புரேட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கலக்கும். எஞ்சின் சற்று மந்தமாவது அதனால்தான், பழுதல்ல. ஏற்றத்தில் நான்காம் கியரில் முக்கவிடாமல் மூன்றாவதுக்கு இறங்குங்கள்: எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும், வெப்பம் குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே போங்கள். பின்பாரம் கொண்ட இந்தக் கார் அப்போது சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

கடற்கரைச் சாலையில் ஜூன் மாதக் காலைகள் மூடுபனியும் குளிருமாக இருக்கும். கூரையை மடித்து வைத்து, பக்கத்து இருக்கையைத் துணி மூடியால் மூடி, தடித்த சட்டையோடு ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 55 மைலுக்கு மேல் காற்றிரைச்சல் பலமானது. நீண்ட பயணத்தில் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் நிலையத்தில் யாராவது வந்து “அசல்தானா?” என்று கட்டாயம் கேட்பார்கள். “நகல், பீட்டில் எஞ்சின்” என்று சொல்லி மூடியைத் திறந்து காட்டுங்கள். முதியவர்கள் தாங்கள் ஓட்டிய பீட்டிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். விற்கும்போதும் இதே நேர்மை வேண்டும். கட்டியவர் பெயர், தரைத்தகட்டின் ஆண்டு, எஞ்சின் அளவு, மாற்றிய பாகங்களின் ரசீது, வெல்டிங் கோட்டின் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வாங்குபவர் கையில் கொடுங்கள். வயரிங் வரைபடத்தை நீங்களே வரைந்திருந்தால் அதையும் சேருங்கள். அந்தக் காரில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று வேறு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.